பல்சக்கரம் மாற்றியவன்

"டீச்சர், மலை ஏற மாட்டேங்குது."

அழகுராசா கொட்டகைக்குள் நுழையும்போதே சொல்லிக்கொண்டு வந்தான். வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தக்கூட அவனுக்குப் பொறுமை இல்லை. தூணில் சாய்த்தான்.

ஜொகரா டீச்சர் கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"யாரு ஏற மாட்டேங்குறது?"

"வண்டிதான்."

"அப்ப வண்டிகிட்டயே கேளுங்கண்ணே."

டம்ளரை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனார்.

அவருக்கு அழகுராசாவைவிடப் பத்துப் பதினைந்து வயது குறைவு. எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்தவரும் இல்லை. மலைப்பாதை ஆரம்பிக்கிற இடத்தில், அவருடைய அத்தா வைத்திருந்த சைக்கிள் கடையில், இப்போது பேட்டரியும் மோட்டாரும் வைத்த சைக்கிள் வண்டிகளைப் பார்க்கிறார். பார்க்கிறார் என்பதுதான் சரியான வார்த்தை. அந்தக் கொட்டகையில் ஸ்பேனரை வண்டிக்காரன்தான் பிடிக்க வேண்டும். கழற்றுவதும் அவன்தான், மாட்டுவதும் அவன்தான். கேட்ட சாமானை டீச்சர் எடுத்துக் கொடுப்பார். தப்பு என்றும் சொல்ல மாட்டார், சரி என்றும் சொல்ல மாட்டார்.

ஏன் இப்படி என்று கேட்டவர்களுக்கு ஒரு பழந்துணியை நீட்டினார். கையைத் துடைத்துக்கொண்டு ஆரம்பிக்கச் சொல்லி.

அப்படித்தான் டீச்சர் ஆனார்.

"கழுதைப்பாறை வளைவு வரைக்கும் நல்லாத்தான் போகுது டீச்சர். அங்க போனதும் மோட்டார் சூடேறி முனகுது. அப்புறம் ஆள் நடக்குற வேகத்துக்கு வந்துருது. அப்புறம் அதுவும் இல்ல. நான் இறங்கித் தள்ளுறேன்."

"சரி."

"சரின்னா?"

"தள்ளுறீங்கன்னு சொன்னீங்க. சரின்னேன்."

கொட்டகையின் மறுபக்கம் ரொட்டிக்கார சேவியர் தன் வண்டியின் பிரேக்கைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். மேலே உள்ள கடைகளுக்கெல்லாம் பன்னும் ரஸ்க்கும் கொண்டுபோகிறவன். தலையைத் தூக்காமலே சிரித்தான்.

"நீ வண்டியைச் சுமக்குறியா, வண்டி உன்னைச் சுமக்குதாங்குறது மேல இருக்குற குரங்குகளுக்கே குழப்பமா இருக்காம் ராசா."

அழகுராசா அவனைக் கண்டுகொள்ளவில்லை.

"பின்னாடி பெரிய பல்சக்கரம் ஒண்ணு குடுங்க டீச்சர். பைக்குல அப்படித்தான் செய்வோம். வாழைத்தார் மார்க்கெட்ல லோடு அடிச்சப்ப நானே மாத்தியிருக்கேன். பெருசு போட்டா இழுவை கூடும்."

டீச்சர் எழுந்துபோய்ப் பெரிய பல்சக்கரம் ஒன்றை எடுத்துவந்தார். அதோடு பழந்துணியும்.

*

மலைமேல் குடிபோனது அழகுராசாவின் யோசனைதான்.

கீழே புழுக்கத்தில் தூக்கம் வரவில்லை, மேலே போனால் வரும் என்றான். அதற்கு முன் ஆற்றோரம் ஒரு வீடு, அதற்கும் முன் ரயில்வே கேட் பக்கம் ஒரு வீடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு யோசனை இருந்தது. வேலையும் அப்படித்தான். லாரியில் கிளீனர், தியேட்டரில் படம் ஓட்டுகிறவன், மார்க்கெட்டில் லோடு. மலைக்குப் போன பிறகு கீழே ஐஸ் பாக்டரியில் ராத்திரி வேலைக்குச் சேர்ந்தான். அங்கேயும் நாற்காலி உண்டு. அதில் அவன் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஐஸ் கட்டி உறைகிற வரைக்கும் தொட்டிகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பான், உறைவது அவன் நடையைப் பொறுத்தது என்கிற மாதிரி.

வேலுத்தாயி எல்லா வீட்டுக்கும் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னாலேயே வந்தாள்.

மேலே அவளுக்கு ஏலத்தோட்டத்தில் வேலை கிடைத்தது. காலையில் தோட்டத்து ஜீப் அடிவாரத்திலிருந்து ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறும். அவர்கள் ஊருக்கு வந்து ஆரன் அடிக்கும். வேலுத்தாயி ஏறிக்கொள்வாள். அழகுராசா வேலை முடிந்து வீடு வரும்போது கதவு சாத்தியிருக்கும். சோறு மூடியிருக்கும். சாயங்காலம் அவள் திரும்பிவருவதற்குள் அவன் கீழே இறங்கிவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் இருப்பாள். அவன் தூங்கிக்கொண்டிருப்பான்.

போன ஞாயிறு அவன் எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்.

"தோட்டத்துலயே லயத்து வீடு ஒண்ணு காலியாகுது. கங்காணி என்னை எடுத்துக்கிறியான்னு கேட்டாரு. வெள்ளிக்கிழமை பதில் சொல்லணும்."

"அங்கேருந்து நான் எப்படி வேலைக்குப் போறது? அதுக்கு ரெண்டு மலை தாண்டணுமே."

"நீங்க வரணும்னு நான் சொல்லல."

தண்ணீர் அவன் தாடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"இங்க இருந்தாலும் தனியாத்தான் இருக்கேன். அங்க இருந்தா பேச்சுத்துணைக்குப் பொம்பளைங்க இருக்காங்க. சண்டை போடல. சொல்றேன், அவ்வளவுதான்."

"தாயி..."

"ஒரு நாள் காலையில ஒண்ணா உக்காந்து சாப்பிட்டா யோசிக்கலாம். அதுக்கே உங்க வண்டி வரமாட்டேங்குதே."

ஆக, வெள்ளிக்கிழமைக்குள் ஒரு நாளாவது ஜீப்புக்கு முன்னால் அவன் வீட்டு வாசலில் நிற்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கு மறுநாள்தான் டீச்சரிடம் வந்து நின்றான்.

*

பெரிய பல்சக்கரம் மாட்டியாயிற்று. செயினில் கண்ணி சேர்த்து நீளமாக்கினான். நன்றாகவே வேலை தெரிந்த கை. புத்தகம் பார்த்துப் படித்ததில்லை, உடைத்து உடைத்துப் படித்தது.

செவ்வாய்க்கிழமை காலை கழுதைப்பாறை வளைவில் மோட்டார் முனகியது. பிறகு அடங்கியது.

இறங்கித் தள்ளினான்.

பின்னால் ஜீப் வந்தது. உள்ளே கீழூர்ப் பெண்கள். ஒருத்தி எட்டிப் பார்த்துச் சொன்னாள். "வேலுத்தாயி வீட்டுக்காரரு. தினமும் வண்டிக்கு மலையைச் சுத்திக் காட்டுறாரு."

சிரிப்பு வளைவைத் தாண்டிப் போயிற்று.

வீட்டில் கதவு சாத்தியிருந்தது.

சாயங்காலம் கொட்டகையில் மறுபடி நின்றான்.

"போதல டீச்சர்."

"எது?"

"பல்சக்கரம்தான். பின்னாடி பெருசு பண்ணுனா மட்டும் போதாது, முன்னாடி சிறுசு பண்ணணும். கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன். ராத்திரி பூரா அதே நெனப்புதான்."

"ராத்திரி தூங்குனீங்களா?"

"வேலைக்குப் போனவன் எப்படித் தூங்குவேன்?"

"பகல்ல?"

"பகல்லயும் இதே நெனப்புதான் டீச்சர்."

டீச்சர் உள்ளே போய் முன்னால் மாட்டச் சின்னப் பல்சக்கரம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அவன் பிடுங்காத குறையாக வாங்கினான்.

மிதிகட்டையைக் கழற்றும்போது டீச்சர் கேட்டார்.

"இது எதுக்குண்ணே இருக்கு?"

"எது?"

"கையில வச்சிருக்கீங்களே."

"மிதிகட்டையா? சைக்கிள்னா இருக்கும்ல. வாங்கும்போதே இருந்துச்சு." சிரித்தான். "மோட்டார் வச்சதே மிதிக்காம இருக்கத்தானே டீச்சர். ராவெல்லாம் நின்ன காலு. ஆரம்பத்துல ஒருநாள் மிதிச்சுப் பார்த்தேன், செவுத்தை எத்துன மாதிரி இருந்துச்சு. அதோட சரி."

 டீச்சர் மிதிகட்டையை அவன் கையிலிருந்து வாங்கி, அதில் ஒட்டியிருந்த மண்ணைத் துணியால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

அவன் அதைக் கவனிக்கவில்லை. அவன் கண் செயின்மேல் இருந்தது.

*

புதன்கிழமையும் கழுதைப்பாறை கழுதைப்பாறையாகவே இருந்தது.

தள்ளிக்கொண்டு போனவன் பாதி வழியில் ஆரன் சத்தம் கேட்டான். கீழிருந்து அல்ல, மேலிருந்து. அன்று அவனுக்கு முன்பே மலையேறிய ஜீப் அவன் ஊரை அடைந்துவிட்டது. அவளை ஏற்றிக்கொண்டது.

அவன் ஓடப் பார்த்தான். வண்டியைத் தள்ளிக்கொண்டு மேட்டில் எவ்வளவு தூரம் ஓட முடியும்? ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தான். உட்கார்ந்த உடனே எழுந்தான்.

அன்று அவன் தூங்கவே இல்லை. மூடிய சோற்றைத் திறக்கவும் இல்லை. மத்தியானம் வெயில் தாழ்வதற்குள் கொட்டகைக்கு வந்துவிட்டான்.

"என்னைப் பைத்தியக்காரனாக்கிட்டீங்க டீச்சர்."

சேவியர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான். இதைக் கேட்காமல் விடக்கூடாது என்பதுபோல.

"பின்னாடி மாத்துனேன். முன்னாடி மாத்துனேன். கண்ணி சேர்த்தேன், கண்ணி எடுத்தேன். துளி வித்தியாசம் இல்ல. துளி! உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல? உக்காந்து டீ குடிச்சிட்டுப் பாத்துட்டே இருந்தீங்களே!"

"கேட்டதைக் குடுத்தேன்."

"கேக்குறவனுக்குத் தெரியலன்னா சொல்ல மாட்டீங்களா?"

"என்ன தெரியல?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இங்க வர்றேன்? இந்தச் செயினும் இந்தப் பல்சக்கரமும் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? ரெண்டும் ஒண்ணுதான்!"

"அப்ப கழட்டிருங்க."

"எதை?"

"செயினை."

அழகுராசா அவரைப் பார்த்தான். கிண்டல் பண்ணுகிற முகம் இல்லை அது. டீ ஆறிப்போனால் இருக்குமே, அப்படி ஒரு முகம்.

கோபம் கையில் இறங்கியது. விறுவிறுவென்று செயினைக் கழற்றினான். கறுத்த எண்ணெய் முழங்கை வரை அப்பியது. கழற்றிய செயினைக் கொட்டகைச் சுவரில் இருந்த ஆணியை நோக்கி வீசினான். அது ஆணியில் மாட்டாமல் தரையில் விழுந்து பாம்பு மாதிரி சுருண்டது.

"போதுமா?"

"ஆக்ஸிலேட்டரைத் திருகுங்க."

"செயின் இல்லாமலா?"

"திருகித்தான் பாருங்களேன்."

திருகினான்.

பின்சக்கரம் சுற்றியது. எப்போதும் சுற்றுகிற அதே சுற்று. அதே சத்தம்.

விட்டான். நின்றது. மறுபடி திருகினான். மறுபடி சுற்றியது.

சேவியர்தான் பேசினான். இந்த முறை அவன் குரலில் கிண்டல் குறைவு.

"மோட்டாரு சக்கரத்துக்குள்ளயே இருக்கு ராசா. அது தானா சுத்துது. பைக்குல மாதிரி செயின் வழியா வர்றதில்ல இது. நீ ஆயிரம் பல்சக்கரம் மாத்து, அந்த மோட்டாருக்குச் சேதியே போகாது."

அழகுராசா சக்கரத்தின் நடுவில் இருந்த உருண்டைப் பெட்டியைப் பார்த்தான். அதைத் தன் கையாலேயே மாட்டியவன் அவன். தினமும் துடைக்கிறவன்.

"அப்ப நான் மாத்துனது எல்லாம்?"

டீச்சர் பக்கம் திரும்பினான்.

"தப்பா டீச்சர்? ரெண்டு நாளாத் தப்பு வேலையா பாத்துட்டிருந்தேன்?"

"மாத்துனதுல தப்பே இல்லண்ணே," என்றார் டீச்சர்.

"தப்பில்லையா? சேதியே போகாதுங்குறான்!"

"போட்ட சாமான் சரி. போட்ட அளவும் சரி. நான் ஏறினாலும் அதைத்தான் போடுவேன்."

 அவனை ஒரே நேரத்தில் இரண்டு பேர் இரண்டு பக்கம் இழுக்கிற மாதிரி இருந்தது. இதற்குமேல் அங்கே நின்றால் அழுதுவிடுவோம் என்று பட்டது. செயினைத் தரையிலேயே விட்டுவிட்டு வண்டியை எடுத்தான். இறக்கத்தில் அது ஜம்மென்று போயிற்று. செயின் இல்லாத வண்டி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அவனும்கூட.

*

வியாழக்கிழமை காலை அழகுராசா செயின் இல்லாமல் மலை ஏறினான்.

முதல் வளைவு, அடுத்த வளைவு, எல்லாம் எப்போதும் போல. ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. அதுதான் அவனை உறுத்தியது. வண்டியிலிருந்து ஒரு பெரிய உறுப்பைப் பிடுங்கிப் போட்டாயிற்று. வண்டிக்குத் தெரியவில்லை. ஓட்டுகிறவனுக்கும் தெரியவில்லை. இத்தனை மாதம் அது எதற்காகக் கூடவே வந்துகொண்டிருந்தது?

கழுதைப்பாறை வந்தது.

மோட்டார் முனக ஆரம்பித்தது. வேகம் கரைந்தது. பாறையின் ஈரம், கீழே பள்ளத்தில் பனி, பின்னால் எங்கோ ஜீப்பின் உறுமல்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை.

"போ," என்றான் வண்டியிடம். "போ, போயிரு. இன்னும் கொஞ்சம்."

வண்டி நிற்கப் போகிற அந்த நொடியில், அவனைக் கேட்காமலே, அவன் வலது கால் மிதிகட்டையை அழுத்தியது.

கால் விழுந்தது.

பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. மிதிகட்டை சும்மா சுழன்று அடியில் போய் நின்றது. படி இருக்கிறது என்று நம்பி இருட்டில் காலை வைத்தவன் மாதிரி அவன் உடம்பு முழுதும் ஒரு பக்கம் சரிந்தது. வண்டி சாய்ந்தது. அவனும் சாய்ந்தான். முழங்கை ரோட்டில் உரசியது.

ஜீப் வந்தது. இந்த முறை அவன் எழுந்திருக்கவில்லை. ரோட்டோரப் புல்லில் கிடந்தபடி தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தான், அது யாருடைய கால் என்கிற மாதிரி.

"என்னண்ணே, விழுந்துட்டீங்களா?" ஜீப் டிரைவர் வேகத்தைக் குறைத்தான். "ஏறிக்கிறீங்களா? வண்டியை அப்புறம் எடுத்துக்கலாம்."

ஏறியிருந்தால் வேலுத்தாயியை வாசலிலேயே பார்த்திருக்கலாம். அவள் ஏறுகிற ஜீப்பிலிருந்து இவன் இறங்கியிருப்பான். அப்படிப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

"நீ போப்பா," என்றான். "ஒண்ணும் இல்ல."

மலையே அமைதியாகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவன் ஓரிடத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்தது அன்றுதான். வசதியாக இல்லை. உள்ளுக்குள் என்னவோ பரபரவென்று ஊர்ந்துகொண்டே இருந்தது. எழவில்லை, அவ்வளவுதான்.

*

சாயங்காலம் டீச்சர் அதே டின்மேல் உட்கார்ந்திருந்தார்.

தரையில் விழுந்த செயின் இப்போது ஆணியில் தொங்கியது. துடைத்து எண்ணெய் விட்டிருந்தது. யார் செய்தது என்று அவன் கேட்கவில்லை.

"செயின் வேணும் டீச்சர்."

"எதுக்கு?"

 ஐஸ் பாக்டரிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. சேவியர் பன் பெட்டியைக் கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

"காலுக்கு," என்றான் அழகுராசா.

டீச்சர் எழுந்தார். ஆணியிலிருந்து செயினை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

உட்கார்ந்து மாட்டினான். முன்னால் சின்னது, பின்னால் பெரியது. கண்ணியைப் பூட்டினான். பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து மிதிகட்டையைக் கையால் சுற்றினான். வெண்ணெய் மாதிரி சுற்றியது. ஒரு விரல் போதும்.

இவ்வளவு லேசா? இத்தனை நாளும் இதன்மேல்தான் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனானா?

உடனே அவன் கண் அலமாரிப் பக்கம் ஓடியது. இன்னும் பெரிய பல்சக்கரம் ஒன்று அங்கே இருந்தது.

"டீச்சர், அதைப் போட்டா இன்னும்..."

"எடுத்துத் தரவா?"

அவன் கை பாதி தூரம் போயிற்று. அங்கேயே நின்றது. கொஞ்ச நேரம் அந்தரத்தில் இருந்தது. பிறகு திரும்பிவந்து தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டது.

"வேண்டாம். இதுவே இருக்கட்டும்."

 டீச்சர் சேவியருக்கு ஊற்றி வைத்திருந்த டீயை இவனிடம் கொடுத்துவிட்டார்.

"அது என்னுது," என்றான் சேவியர்.

"நாளைக்கு நான் முந்திருவேனா டீச்சர்?"

"யாரை?"

"ஜீப்பை."

"ஜீப்புக்குத் தெரியாதேண்ணே, போட்டி நடக்குறது."

*

வெள்ளிக்கிழமை.

மலையின் காலடியில், சமதளம் முடிகிற இடத்திலேயே மிதிக்க ஆரம்பித்தான். கால் வெறுமனே சுழன்றது. வண்டி போகிற வேகத்துக்கு அந்தக் கால் ஒட்டவே இல்லை. வண்டி முன்னால், கால் எங்கோ பின்னால். செயின் இல்லாத வண்டி மாதிரிதான் இருந்தது.

இதுவும் வேலைக்காகாது என்று நினைத்தான். பெரிதாகப் போட்டிருக்கக்கூடாது. பழையதையே மாட்டியிருக்கலாம். நடுவாந்தரமாக ஒன்று கேட்டிருக்கலாம். மனசு கொட்டகைக்கு ஓடி, அலமாரியைத் துழாவி, நாலு பல்சக்கரத்தைக் கழற்றி மாட்டியது.

கால் மட்டும் சுழன்றுகொண்டே இருந்தது. நிறுத்தச் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை.

மேடு ஏறியது. வேகம் கொஞ்சம் குறைந்தது.

குறைந்த இடத்தில் கால் கவ்வியது.

அவன் கண்ணைச் சிமிட்டினான். காலுக்கு அடியில் பாரம். நேற்று விழுந்த இடத்தில் இன்று ஒரு படி. அழுத்தினால் தாங்குகிறது. தாங்கியது மேலே தள்ளுகிறது. மறுகாலுக்கு இன்னொரு படி.

இன்னும் மேடு. இன்னும் பாரம்.

கழுதைப்பாறை வந்தபோது மோட்டார் முனகவில்லை. முனகியது அவன்தான். தொடை எரிந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வாய் தானாகத் திறந்துகொண்டு ஒவ்வொரு மிதிக்கும் 'ஹா, ஹா' என்றது. வேகம் ஒன்றும் இல்லை, ஒரு பால்காரன் சும்மா போகிற வேகம்தான். ஆனால் நிற்கவில்லை. பாறை மெதுவாக, மிக மெதுவாக, அவனுக்குப் பின்னால் போயிற்று.

கீழே ஜீப் உறுமுகிறதா என்று காது கொடுக்கப் பார்த்தான். தன் மூச்சைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

பிறகு அதைக் கேட்பதையும் விட்டுவிட்டான். ஒரு மிதி. அடுத்த மிதி. அலமாரி எங்கோ போய்விட்டது.

ஊர் வந்தது.

வீட்டுக் கதவு திறந்திருந்தது.

இறங்கினான்.  வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனான். அடுப்பில் மொச்சைக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வேலுத்தாயி வேலைக்குப் போகிற முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேலே போட்டிருந்தாள். தலையில் துண்டு கட்டியிருந்தாள்.

தரையில் இரண்டு தட்டு போட்டிருந்தது.

"உக்காருங்க," என்றாள்.

உட்கார்ந்தான். சோறு போட்டாள். தானும் எதிரில் உட்கார்ந்து தனக்கும் போட்டுக்கொண்டாள். அவன் எடுத்த முதல் கவளம் தட்டிலேயே விழுந்தது. அவள் பார்த்தாள். குழம்பை இன்னும் கொஞ்சம் அவன் பக்கம் ஊற்றினாள்.

பாதிச் சாப்பாட்டில் வெளியே ஆரன் அடித்தது.

அவன் கை நின்றது. அவள் கை நிற்கவில்லை.

"ஜீப் வந்துருச்சு தாயி."

"கேக்குது."

மறுபடி ஆரன். அவள் எச்சில் கையோடு எழுந்து வாசலுக்குப் போனாள்.

"நீங்க போங்கண்ணே, நான் இன்னைக்கு வரல," என்று அவள் சொல்வது கேட்டது. "அப்படியே கங்காணிகிட்ட சொல்லிருங்க. லயத்து வீட்டை வேற யாருக்காச்சும் குடுக்கச் சொல்லுங்க."

ஜீப் போன சத்தம் தேய்ந்தது. அவள் திரும்பிவந்து தட்டின் முன் உட்கார்ந்தாள்.

அழகுராசா இரண்டு தட்டையும் பார்த்தான். பிறகு அவளை.

"நான் வர்றதுக்கு முன்னாடியே தட்டு போட்டிருந்தியே. வருவேன்னு எப்படித் தெரியும்?"

"மூச்சு கேட்டுச்சு. கடைசி வளைவுலயே."

சோற்றைப் பிசைந்தாள்.

"முதல்ல வேற யாரோன்னு நெனச்சேன்."